அண்ணனுக்கு அறுபத்திரண்டு, தம்பிக்கு நூற்று முப்பது

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் மதிலை ஒட்டிய சந்துக்குப் போய்க் கலியன் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். உடம்பு சரியில்லாத புள்ள வீடு என்று கேட்டால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். புள்ளைக்கு வயது முப்பத்து மூன்று. நல்ல உயரம், அகலமான தோள், இரும்பைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. நோய் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு எண் மட்டும் இருந்தது.

அந்த எண் நூற்று முப்பது. அதை வைத்துக்கொண்டு அவன் அம்மா சம்பூர்ணம் மூன்று வருஷமாக அவனைக் கட்டிப் போட்டிருந்தாள். மாடி ஏறக் கூடாது, சைக்கிள் மிதிக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, ஊறுகாய் கண்ணில் படவே கூடாது. உள்ளே மயங்கி விழுந்துவிட்டால் கதவை உடைக்க வேண்டியிருக்கும் என்று குளியலறைத் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டாள். பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வேறு. பாட்டு நின்றால் கதவு திறந்துகொள்ளும். கலியனுக்குப் பாட்டு சுத்தமாக வராது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மூச்சு முட்டி ஒரு கணம் வாயை மூடினால் போதும், "கலியா, இருக்கியாடா?" என்று குரல் வந்துவிடும். இருக்கிறேன்மா, இருக்கிறேன்மா என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு இருப்பதில் சலிப்புத் தட்டிவிட்டது.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவன் அப்பா கோதண்டபாணி ஐம்பத்து நான்கு வயதில், காலையில் காப்பி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், குடிக்காமலே சாய்ந்துவிட்டார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் போயிருந்தார். துக்கம் கேட்க வந்த டாக்டர் தணிகாசலம்தான், குடும்பத்தில் இப்படி இள வயதிலேயே மாரடைப்பு வருகிறதே, பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும் என்றார். லைப்போபுரோட்டீன் ஏ என்று அதற்குப் பெயர். கொழுப்பைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் சுற்றுகிற ஒரு வகைப் புரதம். அது சிலருக்குப் பிறப்பிலேயே அதிகமாக அமைந்துவிடும், இதயக் குழாயை அடைக்கிற வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். பரம்பரையாக வருகிற சொத்து. தின்பதால் கூடாது, பட்டினி கிடந்தாலும் குறையாது.

பரம்பரைச் சொத்துக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்கள். வாகனத்தின் அடியில் ஓடுகிற நீளமான மரத் தண்டுகளில் யார் எங்கே தோள் கொடுப்பது என்பது உயரத்தைப் பார்த்து முடிவாகும். அண்ணன் பூவராகவனும் தம்பி கலியனும் ஒரே உயரம். அதனால் அண்ணன் முன்தண்டில், தம்பி அவனுக்கு நேர் பின்னால். சுமக்கிறவனுக்குப் பெருமாள் தெரியமாட்டார், முன்னால் போகிறவனின் பிடரிதான் தெரியும். பதினெட்டு வயதிலிருந்து கலியன் கண்ட கருட சேவை எல்லாம் அண்ணனின் பிடரிதான். அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. தோளில் பாரம் ஏறி, மற்றவர்களின் நடையோடு தன் நடை சேர்ந்துகொள்கிற நிமிஷத்தில் அவன் தனி ஒருவனாக இருக்கமாட்டான். அந்த சந்தோஷம் அவனுக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

பரிசோதனை நடந்தது. அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தான். கலியன் அந்த வாரம் சரிகைப் பார்சலோடு சென்னைக்குப் போயிருந்தான், அங்கேயே ஒரு பெரிய லேபில் கொடுத்துவிட்டு வந்தான். முடிவுகள் வந்தன. அண்ணனுக்கு அறுபத்திரண்டு, தம்பிக்கு நூற்று முப்பது. இரண்டுமே அதிகம் என்றுதான் சீட்டில் அச்சாகியிருந்தது. கூடத்தான் இருக்கிறது, மாத்திரை போடு, சிகரெட்டை விடு, வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டு என்று தணிகாசலம் அண்ணனிடம் சொன்னார். கிட்டத்தட்ட அதையேதான் சென்னை டாக்டரும் தம்பியிடம் சொன்னார். ஆனால் வீட்டில் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் சம்பூர்ணம். அவளுக்குக் கணக்குத் தெரியும். ஒன்று மற்றதில் பாதிகூட இல்லை.

அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. பெரியவன் தப்பித்தான், சின்னவன் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறான். கலியனின் இடத்துக்குத் தண்டில் வேறு ஆள் வந்தான். கலியன் மாமா முனிசாமியின் சரிகைக் கடையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டான். அவனைப் பார்க்க ஓரிக்கையிலிருந்து ஒரு வரன் வந்தது, பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஊரான் வீட்டுப் பெண்ணை ஏமாற்றக் கூடாது என்று அம்மா அவர்களிடம் நூற்று முப்பதைச் சொல்லிவிட்டாள். அவர்கள் காப்பியைக்கூட மிச்சம் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இதில் அவனுக்கு அதிகம் வலித்தது அண்ணனின் கண்காணிப்பு. அம்மா பாசத்தில் செய்கிறாள் என்று விட்டுவிடலாம். பூவராகவன் அதிகாரத்தில் செய்தான். லோடு வண்டி ஓட்டுகிறவன், ஊரெல்லாம் சுற்றுகிறவன், வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி கலியன் மாத்திரை போட்டானா என்பதுதான். தன் மாத்திரையை அவன் மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டிருந்தான். தனக்குத்தான் பாதியாயிற்றே. வருஷா வருஷம் கலியனுக்கு ஈசிஜி, ஓடவிட்டுப் பார்க்கிற டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் நடந்தன. எல்லாம் நன்றாகவே இருந்தன. எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு பலமாக அம்மா நம்பினாள், அவள் கட்டிக் காத்ததால்தான் இப்படி இருக்கிறது என்று. நன்றாக இருந்தாலும் உள்ளே, நன்றாக இல்லாவிட்டாலும் உள்ளே.

சென்ற மார்கழியில் கலியன் ஒரு திட்டம் போட்டான். திரும்ப ஒரு தடவை ரத்தம் கொடுப்பது, எண் இறங்கியிருப்பதைக் காட்டுவது, தை மாதம் பெருமாள் பார்வேட்டை என்கிற வேட்டை ஊர்வலம் போகும்போது தண்டில் தோள் கொடுப்பது. இது இறங்காத வகை என்று டாக்டர் சொன்னதை அவன் மறக்கவில்லை. இருந்தாலும் மூன்று வருஷம் உப்பில்லாமல் தின்றதற்கு ரத்தத்துக்குக் கொஞ்சமாவது மனசு இருக்காதா என்று ஓர் ஆசை. பஸ் ஸ்டாண்டு லேபுக்கு அண்ணன்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனான். போன இடத்தில், தம்பிக்குத் துணையாக இருக்கட்டும் என்று கிண்டலாகச் சொல்லிக்கொண்டே தானும் கையை நீட்டினான்.

மறுநாள் கடையில் சரிகை எடை போட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் முடிவும் கலியனின் போனுக்கு வந்தன. அவனுடையது நூற்று இருபத்தெட்டு. மூன்று வருஷப் பத்தியத்துக்கு இரண்டு. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடுத்ததைத் திறந்தான். பூவராகவன், நூற்று அறுபத்து நான்கு.

அறுபத்திரண்டு எங்கே, நூற்று அறுபத்து நான்கு எங்கே. மாத்திரையை விட்டதால் இப்படி ஏறிவிட்டதா, இனி எத்தனை நாள் என்று கண்டபடி நினைப்பு ஓடியது. மாமாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு லேபுக்கு ஓடினான். ஓடக் கூடாது என்பதே அவன் நினைவில் இல்லை.

லேபில் அனு என்கிற பெண் இருந்தாள். பதற்றத்தோடு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவள். பழைய சீட்டையும் புதியதையும் கலியனின் போனில் பார்த்துவிட்டு, ஏறவில்லை என்றாள்.

"முன்னாடி நாங்க அதை எடை போட்டுச் சொன்னோம்ணா. இவ்ளோ ரத்தத்துல எத்தனை மில்லிகிராம்னு. இப்ப எத்தனை துகள் இருக்குதுன்னு எண்ணிச் சொல்றோம். லேபுக்கு லேபு வேற வேற கணக்கு இருந்தா குழப்பம் வருதுன்னு எல்லாரையும் எண்ணிக்கைக்கு மாத்திக்கினு வர்றாங்க. நீங்க சென்னையில எடுத்தது அப்பவே எண்ணிக்கைதான்."

அப்படியானால் அண்ணனுடைய அறுபத்திரண்டு அன்றைக்கு எண்ணியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்டான். துல்லியமாக மாற்ற முடியாது, ஒவ்வொருவர் உடம்பிலும் அந்தத் துகளின் எடை வேறு வேறு என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், இதே அளவுதான் இருந்திருக்கும். கீழே சின்ன எழுத்தில் அலகு போட்டிருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள்.

லேப் வாசலில் நின்று கலியன் மூன்று வருஷத்துக்கு முந்தைய இரண்டு சீட்டின் கீழேயும் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தான். அவமானமாக இருந்தது. அவன் மாமா கடையில் பட்டு கிலோவில் வரும், சரிகை மார்க்கில் போகும். ஒரு மார்க் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு கிலோ பட்டையும் மூன்று மார்க் சரிகையையும் காட்டி மூன்றுதான் பெரிசு என்று யாராவது சொன்னால் அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். அம்மாவும் நெசவு வீட்டில் பிறந்தவள்தான். அந்தக் குடும்பம் ரத்தத்தில் மட்டும் மார்க்கையும் கிலோவையும் பக்கத்தில் வைத்து, ஒருவனை உள்ளே பூட்டி ஒருவனை வெளியே விட்டிருக்கிறது.

தணிகாசலம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். சென்னைச் சீட்டை அவரிடம் இதுவரை யாரும் காட்டியிருக்கவில்லை. கலியனின் டெஸ்டுகளைப் பார்த்துவிட்டு, பெருமாளைத் தூக்க வேண்டாம் என்று யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, வீட்டில்தான் என்றான்.

"நீ தாராளமாத் தூக்கலாம்பா. உங்கண்ணன்தான் தூக்கக் கூடாது. மூணு வருஷமா மாத்திரை இல்ல, ஒரு டெஸ்டும் இல்ல, சிகரெட் வேற. ஸ்கேன் எடுத்துப் பாக்கற வரைக்கும் பாரம் தூக்க விடாத. இந்த வாரமே அழைச்சிக்கினு வா."

வெளியே வந்தபோது கலியனுக்கு வந்தது சந்தோஷம்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். பூட்டு திறந்துவிட்டது என்ற சந்தோஷம், கூடவே கொஞ்சம் வன்மமும். மாத்திரை போட்டானா என்று இனி யாரை யார் கேட்பது என்று ஒரு நினைப்பு. அது தெருமுனை தாண்டுவதற்குள் வடிந்துவிட்டது. அம்மா நூற்று முப்பதுக்கே தாழ்ப்பாளைக் கழற்றினவள். நூற்று அறுபத்து நான்கைக் காட்டினால் அண்ணனை என்ன செய்வாள்? அதற்காகத் தன்னை விடுவாளா என்றால் அதுவும் நடக்காது. இரண்டு பேரும் உள்ளே இருப்பார்கள்.

அண்ணனிடம் தனியாகச் சொன்னான். லோடு வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்துதான் பேசினார்கள். பூவராகவன் போனை வாங்கிப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். நெடுநேரம் ஸ்டீரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, மூட்டை இறக்கும்போது சில நாளாக நெஞ்சை யாரோ அழுத்திப் பிடிப்பதுபோல இருக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றான். துளசிக்குக்கூடத் தெரியாது என்றான். துளசி அவன் மனைவி.

இன்றைக்கே டாக்டரிடம் போகலாம் என்றான் கலியன். பூவராகவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் அப்படித் தன் கையைப் பிடித்து அவன் பார்த்ததில்லை.

"பார்வேட்டை முடியட்டும்டா. மறுநாளே வர்றேன், சத்தியமா வர்றேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. உன்னை வெச்சிருக்கற மாதிரி என்னையும் வெச்சாங்கன்னா நான் செத்தே பூடுவேன்."

உன்னை வைத்திருக்கிற மாதிரி. எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறான் என்று கலியனுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. ஆனால் கெஞ்சுகிற முகத்தைப் பார்த்துக்கொண்டு கோபப்பட அவனுக்குத் தெரியவில்லை. நாலு நாள்தானே என்று வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்த கணத்திலிருந்து வருத்தப்பட்டான். அந்த நாலு நாளும் அவன் தூங்கவில்லை. அண்ணன் இருமினால் எழுந்து உட்கார்ந்தான். மாடியில் அண்ணனின் காலடிச் சத்தம் நின்றால் காதைத் தீட்டிக்கொண்டான். அம்மா கவலையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளைக்கு என்னவோ பண்ணுகிறது என்று.

மாட்டுப்பொங்கலன்று பெருமாள் வழக்கம்போல ஊரைவிட்டுக் கிளம்பி, மலைக்கோயிலுக்குப் போய்விட்டு, சாயங்காலம் பாலாற்றில் இறங்கி எதிர்க்கரைத் திருமுக்கூடலுக்குக் கடந்தார். ஆற்று மணலில் வெறும் ஆள் நடப்பதே பாடு. பாரத்தோடு நடக்கிறவனுக்கு ஒவ்வொரு அடியும் உள்ளே இழுக்கும். பூவராகவன் முன்தண்டில் இருந்தான். கலியன் பக்கவாட்டில் கூட்டத்தோடு நடந்தான். கூட்டத்தில் இடித்துவிடப் போகிறார்கள் என்று சம்பூர்ணம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். முப்பத்து மூன்று வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு திருவிழா பார்க்கிற கொடுப்பினை எல்லாருக்கும் கிடைக்காது.

கூட்டமெல்லாம் பெருமாளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கலியன் அண்ணனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு வெளுத்திருந்தது. மூச்சை வாயால் இழுத்துக்கொண்டிருந்தான். பாதி ஆற்றில் அவன் நடை மற்றவர்களின் நடையிலிருந்து பிசகியது, ஒரே ஒரு அடிதான். வேறு யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். அந்த நடையோடு பன்னிரண்டு வருஷம் நடந்தவனுக்கு அது நெஞ்சில் உதைத்தது.

அம்மாவின் கையை உதறிவிட்டுக் கலியன் தண்டுக்கு அடியில் புகுந்தான். சுமக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வந்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால், சுமந்துகொண்டிருப்பவன் ஏன் என்று கேட்காமல் விட்டுக் கொடுத்துவிட வேண்டும். நின்று பேசினால் எல்லார் நடையும் கெட்டுவிடும் என்பதால் வந்த கட்டுப்பாடு. கலியன் தட்டினான். பூவராகவன் விடவில்லை. இன்னொரு முறை தட்டினான். அண்ணன் வழுக்கினாற்போல வெளியேறினான், பாரம் தம்பியின் தோளில் இறங்கியது.

மூன்று வருஷம் கழித்துத் தோள் தன் இடத்துக்கு வந்தது. முதல் அடி மணலில் புதைந்தது, மூன்றாவது அடியில் நடை சேர்ந்துகொண்டது. அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போதுதான் சம்பூர்ணம் மணலில் விழுந்தெழுந்து ஓடிவந்து அவன் முழங்கையைப் பிடித்தாள். விட்டுடுடா, விட்டுடுடா என்று கூடவே ஓடிவந்தாள். அவன் தலையை ஆட்டினான். அவள் பின்னால் திரும்பிப் பெரியவனைக் கூப்பிட்டாள்.

"டேய் பூவராகா, இன்னாடா பாத்துக்கினு வர்ற? வாங்கிக்கடா அவன்கிட்டேருந்து. உங்கப்பன் மாதிரி பூடுவாண்டா."

கலியனின் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. பலமில்லாத தட்டு. வழக்கப்படி விட்டுக் கொடுக்க வேண்டும். இவன் பாவி, அம்மா சொன்னதும் திரும்ப ஏறப் பார்க்கிறானே என்று கலியனுக்கு ஆத்திரமாக வந்தது. விட்டால் அண்ணன் போய்விடுவான். விடவில்லையென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். முதுகில் மறுபடி தட்டு விழுந்தது. கலியன் முன்னால் பார்த்தபடியே, நாகசுரத்தை மீறிக் கேட்கும்படி சொன்னான்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அண்ணனுக்குத்தான் என்னைவிட அதிகம். முதல்லேருந்தே அதிகம், நாமதான் தப்பாப் பாத்துட்டோம். நெஞ்சுவலிய மறைச்சிக்கினு தூக்கறான். டாக்டர் தூக்கக் கூடாதுன்னுட்டாரு."

முதுகில் தட்டு நின்றது. முழங்கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை ஒரு கணம் இறுகியது, பிறகு விட்டுவிட்டது. மூன்று வருஷமாக விட்டுவிடு என்று கெஞ்சியும் விடாத கை அது. பின்னால் யாரோ மணலில் உட்கார்ந்த மாதிரிச் சத்தம் கேட்டது. அது அம்மாவா அண்ணனா என்று அவனுக்குத் தெரியவில்லை. முன்தண்டில் இருக்கிறவன் திரும்பிப் பார்க்க முடியாது. எதிர்க்கரை இன்னும் தூரத்தில் இருந்தது, கலியன் நடந்துகொண்டிருந்தான்.